கழித்தல் குறி

ரெய்னோ லாஹ்தினென் அனுப்பியது இரண்டே வரி:
சமையலறையில் வேலை செய்கிறது.
ஏரிமேல் செத்துவிடுகிறது.

தண்டர் பே. பிப்ரவரி.
சுப்பீரியர் ஏரியின் விரிகுடா
பிக்கப் வண்டி ஓடும் அளவுக்கு இறுகிவிட்டது.
அதன்மேல் அவர் பலகைக் குடிசை,
பனியில் துளைத்த வட்டம்,
வட்டத்துக்குள் இறக்கிய கேமரா.
கேமரா கண்டதைக் கரையிலிருக்கும் வண்டிக்கு அனுப்ப
பன்னிரண்டு டாலருக்கு வாங்கிய மடிக்கணினி.
அதற்குள் என் டிரைவர்.

என் டிரைவர் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்.
அந்த வைஃபை சில்லைச் செய்த கம்பெனி
முதலில் கையேடு தர மறுத்தது.
பிறகு மறுப்பதற்கும் ஆளில்லாமல் மூடிக்கொண்டது.
விண்டோஸ் அதனோடு பேசுவதை ஒட்டுக்கேட்டேன்.
எந்த முகவரியில் எந்த எண்ணை வைத்தால் விளக்கு எரியும்,
எந்த எண்ணுக்கு மொத்தக் கணினியும் விறைத்து நிற்கும்
என்று இரண்டு கோடைகள் குறித்துவைத்தேன்.
நாற்பத்து நாலாம் பதிவேட்டில் மூன்றாம் பிட்
எதற்கென்று இன்றுவரை தெரியாது.
அதை ஒன்றாக்காவிட்டால் சில்லு வாய் திறக்காது.
ஒன்றாக்குகிறேன்,
கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல.

முதலில் ரெய்னோவைச் சந்தேகித்தேன்.
பிறகு ஆன்டெனாவை. பிறகு பேட்டரியை.
பனிக்கட்டி அலையை விழுங்குமோ என்று
ஒரு ஞாயிறு முழுக்க ஏரியையே சந்தேகித்தேன்.

கடைசியில் பால்கனிக்கு எடுத்துப்போனேன்.
மைனஸ் முப்பத்தொன்று.
என்னிடமிருந்த அதே சில்லை ஸ்டூலில் வைத்து
கதவிடுக்கு வழியாக ஒயரை இழுத்தேன்.
"குளிரை வீட்டுக்குள்ள விடுறாய்" என்றான் வினோதரன்
போர்வைக்குள்ளிருந்து.
அஞ்சு நிமிசம், என்றேன்.
நாற்பது நிமிடம்.

திரையில் ஓடிய வரிகளில் ஒன்று:
வெப்பநிலை இருநூற்று முப்பத்தேழு டிகிரி.
அனுப்புதல் நிறுத்தப்படுகிறது.

விரல் நுனி வெடித்து எரிய
கண்ணிமையில் பனி பொருக்குத் தட்ட
அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
இந்த ஊரில், இந்த இரவில்,
நெருப்பில் நிற்பதாக ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.
சூடு கண்ட பூனைபோல
வாய் பொத்தி, வால் சுருட்டி,
உயிரைக் காத்துக்கொள்கிறார்.

சில்லு பொய் சொல்லவில்லை.
மைனஸ் பத்தொன்பது என்றுதான் சொன்னது.
எட்டே பிட்டுகளில் அது எழுதித் தந்ததை
நான்தான் கழித்தல் குறி தெரியாதவள்போல வாசித்தேன்.
இருநூற்று ஐம்பத்தாறில் பத்தொன்பது போக
மிச்சத்தைக் கொதிநிலை என்று கொண்டேன்.

அந்த வரியை எழுதியது ஜூலையில்.
ஜன்னல் திறந்திருந்தது, கொசுவலைக்கு வெளியே
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குழாய்த் தண்ணீரில் கூத்தடித்தார்கள்.
பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்கள் உண்டு என்று
அன்றைக்கு யாருக்கு நினைவிருந்தது?
இந்த ஊரில் எட்டாம் குளிர்காலம் எனக்கு.
தெரியாது என்று சொல்லவும் வழியில்லை.

திருத்தம் ஒரே எழுத்து.
யு என்றிருந்த இடத்தில் எஸ்.

ப்ர்னோவிலிருந்து மிலாடா திருப்பி அனுப்பினாள்:
என்ன மாற்றினாய் என்பதை நிரலே சொல்கிறது,
ஏன் என்பதை நீ எழுது.
நாலு தடவை எழுதி அழித்தேன்.
ஐந்தாம் தடவை:
உறைநிலைக்குக் கீழே சில்லு தான் எரிவதாக நம்பியது. அது எரியவில்லை.
அதற்குக் கீழே என் முழுப் பெயர்.
அவள் அதை ஏற்றுக்கொண்டாள், வேறொன்றும் சொல்லாமல்.

சனிக்கிழமை ரெய்னோவிடமிருந்து ஒரு படம்.
பச்சைத் தண்ணீர், தூண்டில் நூல்,
நூலின் முனையில் அசையாத புழு.
காலையிலிருந்து ஒரு தடவைகூட அறுபடவில்லையாம்.
மீன்தான் இன்னும் வரவில்லை என்கிறார்.

அந்தப் பிழை என்னுடையதல்ல.